புளித்த மாவா, புளிக்காத மாவா?

நண்பனோடு ஒரு ஞாயிறு அவன் சர்ச்சுக்குப் போயிருந்தேன். நற்கருணைக்குக் கொடுத்த அப்பம் காகிதம் மாதிரி மெல்லிய வெள்ளை வட்டம். "இதையாடா ரொட்டின்னு சொல்றீங்க?" என்றேன். சிரித்தான். தேடிப் படித்தால், இதே கேள்விக்காக ஆயிரம் வருஷத்துக்கு முன்பே பெரிய சண்டை நடந்திருக்கிறது!

கடைசி இரவு உணவில் இயேசு பிட்டுக் கொடுத்தது எந்த ரொட்டி? மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் அதைப் பாஸ்கா விருந்து என்கிறார்கள். பாஸ்காவில் யூதர்கள் புளித்த மாவைத் தொடமாட்டார்கள். யோவான் கணக்குப்படி அந்த உணவு பாஸ்காவுக்கு முந்தியது. அப்படியானால் புளித்த ரொட்டியாகவும் இருந்திருக்கலாம்.

ரோமைச் சேர்ந்த மேற்குச் சபைகள் புளிக்காத அப்பத்துக்கு மாறின. கான்ஸ்டான்டிநோபிளில் புளித்ததுதான். அவர்கள் வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது: புளிப்புதான் மாவுக்கு உயிர், உயிர்த்தெழுந்தவரை உயிரில்லாத மாவால் எப்படிக் குறிப்பது? ஆனால் புளிப்பைத் தீமைக்கு உவமையாகச் சொன்னவர் பவுல். மேற்கத்தியருக்கு அது போதுமே! இரண்டு தரப்பின் கையிலும் ஒரே வேதம்.

1053-ல் ஓக்ரிட் பேராயர் லியோ, புளிக்காத அப்பத்தைக் கண்டித்து இத்தாலியின் திரானி ஆயருக்குக் கடிதம் எழுதினார். தெற்கு இத்தாலியை நார்மன்கள் பிடித்துக்கொண்டிருந்த சமயம். அங்கிருந்த கிரேக்கச் சபைகள் யார் பக்கம் என்பதும் கூடவே இருந்த கேள்வி. போப் ஒன்பதாம் லியோவின் தூதராகக் கார்டினல் ஹம்பர்ட் கான்ஸ்டான்டிநோபிள் போனார். அங்கே தலைமை ஆயர் மைக்கேல் செருலாரியஸ் முகம் கொடுத்துப் பேசவில்லை. 1054 ஜூலை 16 அன்று ஹாகியா சோபியா பீடத்தின்மேல் செருலாரியஸைச் சபையிலிருந்து விலக்கும் ஆணையை வைத்துவிட்டு ஹம்பர்ட் வெளியேறினார். அனுப்பிய போப் அந்த ஏப்ரலிலேயே இறந்திருந்தார். முதலாளி இறந்தால் ஏஜென்சியும் முடிந்தது என்று எங்கள் வணிகச் சட்டப் பாடத்தில் வரும் :-) சில நாளில் செருலாரியஸ் தரப்பும் பதிலுக்கு விலக்கியது.

பிரிவுக்கு ரொட்டி மட்டுமே காரணமில்லை, போப்பின் அதிகாரமும் இருந்தது. ஆனால் சாதாரண ஜனங்களுக்கு அதிகாரம் கண்ணில் படாது, பீடத்தில் இருக்கும் ரொட்டி படும். 1439-ல் புளோரன்ஸ் சங்கம் இரண்டு ரொட்டியுமே செல்லும் என்றது. கிழக்கில் அந்த உடன்பாடு நிலைக்கவில்லை. 1965 டிசம்பர் 7-ல் போப் ஆறாம் பவுலும் தலைமை ஆயர் அத்தனகோரஸும் பழைய விலக்கல்களை நீக்கினார்கள். ஆனாலும் இன்றுவரை இரு சபையாரும் ஒரே பீடத்தில் நற்கருணை எடுப்பதில்லை.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க ரொட்டி எப்படி இருக்கும்? சாப்பிட்டுப் பார்க்கணும்டா" என்றான்.