பட்டத்தை இறக்கி வைத்த பிரபு

1963 அக்டோபர் கடைசிக்குப் போவோம். பிரிட்டனுக்கு ஒரு பிரதமர் இருக்கார். ஆனா அவர் மக்கள் சபையிலும் உறுப்பினர் இல்லை, பிரபுக்கள் சபையிலும் உறுப்பினர் இல்லை. ரெண்டு வாரத்துக்கு மேல நாடு இப்படியே ஓடுச்சு.

அவர்தான் அலெக் டக்ளஸ்-ஹியூம், ஸ்காட்லாந்தின் ஹியூம் குடும்பத்தோட 14-வது ஏர்ல். எழுதும்போது ‘ஹோம்’, சொல்லும்போது ‘ஹியூம்’. கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு கொசுறு: முதல்தரப் போட்டி ஆடின ஒரே பிரிட்டிஷ் பிரதமர் இவர்தான். மொத்தம் 10 மேட்ச்.

ஏர்ல்ங்கிறது பரம்பரைப் பட்டம். அப்பா இறந்தா மூத்த மகனுக்கு வரும், அந்தக் காலத்தில் கூடவே பிரபுக்கள் சபையில் ஒரு இடமும் வந்தது. நம்ம ராஜ்யசபா மாதிரின்னு நினைச்சுடாதீங்க, அங்கே எம்.எல்.ஏ.க்களாவது ஓட்டு போடுறாங்க. இதில் ஒரு சிக்கலும் இருந்தது. பிரபு ஆயிட்டா மக்கள் சபைக்குள்ள அப்போ போகவே முடியாம இருந்தது. பட்டம் வேண்டாம்னு சொல்லவும் அப்போ வழியில்லை.

அப்பா உயிரோட இருந்தப்போ, 1931-ல், ஹியூம் லனார்க் தொகுதியில் ஜெயிச்சு எம்.பி. ஆனார். பிரதமர் சேம்பர்லினுக்கு உதவியாளரா, 1938-ல் ஹிட்லரோட உடன்பாடு போட்ட மியூனிக்குக்கும் கூடப் போனார். 1940-ல் முதுகெலும்பில் காசநோய். ரெண்டு வருஷம் பிளாஸ்டர் கட்டோட படுக்கை. அந்தப் பழமைவாதக் கட்சிக்காரர் படுத்துக்கிட்டே படிச்சது கார்ல் மார்க்ஸை! 1951-ல் அப்பா இறந்தார், மகன் பிரபுக்கள் சபைக்குப் போனார். 1960-ல் வெளியுறவு அமைச்சர் ஆனாலும், பிரதமர் பதவி எட்டாத உயரம். தேர்தலில் நிற்க முடியாதவர் நாட்டை ஆள்றதை இருபதாம் நூற்றாண்டில் யார் ஏத்துப்பாங்க?

அந்தப் பூட்டைத் திறந்தவர் எதிர்முகாம்காரர். தொழிற்கட்சியின் டோனி பென். அவரோட அப்பா ஒரு காலத்தில் லண்டனில் இந்திய விவகார அமைச்சரா இருந்தவர். 1960-ல் அப்பா இறந்ததும் பென் தானா பிரபு ஆயிட்டார், எம்.பி. பதவி போச்சு. 1961 இடைத்தேர்தலில் மக்கள் அவரையே திரும்ப ஜெயிக்க வச்சாங்க. சட்டம் விடலை, தோத்தவருக்கு சீட் போச்சு. அந்தப் போராட்டத்தின் பலன்தான் 1963 ஜூலையில் வந்த பிரபுத்துவச் சட்டம். பட்டத்தை வாழ்நாளுக்குத் துறக்கலாம். அடுத்த பொதுத்தேர்தலில் இருந்துதான் அமலாகணும்ங்கிறது அரசாங்கத் திட்டம். பிரபுக்கள் சபைதான் உடனே அமலாகட்டும்னு மாத்திச்சு. அந்தத் திருத்தம் இல்லைன்னா இந்தக் கதையே இல்லை.

ஏன்னா மூணே மாசத்தில் பிரதமர் மேக்மில்லன் நோயில் விழுந்தார். அடுத்து யார்? கட்சிக்குள்ள ஓட்டெடுப்பு கிடையாது. பெரியவங்க காதோடு காதா விசாரிச்சாங்க. அரசியே மருத்துவமனைக்கு வந்து மேக்மில்லனைப் பார்க்க, அவர் ஹியூமைச் சொன்னார். இயன் மெக்லியோடும் ஈனாக் பவலும் அந்த அமைச்சரவையில் சேர மறுத்தாங்க. இதை ஈட்டன் பள்ளிக்காரங்களோட மாய வட்டம்னு மெக்லியோட் பத்திரிகையில் போட்டு உடைச்சார்.

அக்டோபர் 23-ல் ஹியூம் பட்டத்தைத் துறந்தார். கின்ராஸ்-மேற்கு பெர்த்ஷைர் தொகுதியில் ஏற்கெனவே வேட்பாளரா இருந்த ஜார்ஜ் யங்கர் ஒதுங்கி இடம் விட்டார். நவம்பர் 7 இடைத்தேர்தலில் ஹியூம் ஜெயிச்சார். அவருக்காக நாடாளுமன்றக் கூட்டத்தொடரையே தள்ளி வச்சிருந்தாங்க. பென் ஓட்டு வாங்கியும் வெளியே நின்னவர், இவர் பதவியை வாங்கிட்டு ஓட்டு கேட்கப் போனவர். ஒரே சட்டம்தான்!

14-வது ஏர்ல்னு எதிர்க்கட்சித் தலைவர் வில்சன் கிண்டல் பண்ணினார். அப்படிப் பார்த்தா அவரும் 14-வது மிஸ்டர் வில்சன்தானேன்னு ஹியூம் பதில் சொன்னார். சுவையான பதில்தான், ஆனா மிஸ்டர்ங்கிற பட்டத்தோட எந்த சபையிலும் சீட் வராதே! பொருளாதாரக் கணக்கைத் தீக்குச்சி அடுக்கிப் புரிஞ்சுக்குவேன்னு முன்னாடி ஒரு பேட்டியில் சொன்னதும் அவரை விடாம துரத்திச்சு. 1964 தேர்தலில் தொழிற்கட்சிக்கு 317, அவர் கட்சிக்கு 304. 363 நாளில் பதவி முடிஞ்சது.

எனக்கு அவர்கிட்ட பிடிச்ச பகுதி இதுக்கு அப்புறம்தான். தன்னைத் தேர்ந்தெடுத்த ரகசிய முறையை அவரே ஒழிச்சார். 1965-ல் எம்.பி.க்கள் ஓட்டு போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிற விதி வந்தது. தச்சர் மகன் ஹீத் ஜெயிச்சார். பத்து வருஷம் கழிச்சு, இருக்கிற தலைவரையே போட்டிக்கு இழுக்கும்படி விதியை மாத்தின குழுவுக்கும் ஹியூம்தான் தலைவர். 1975-ல் அதே விதியில் ஹீத்தை வீழ்த்தினவர் மளிகைக்கடைக்காரர் மகள், மார்கரெட் தாட்சர்.

ஹீத் ஆட்சியில் மறுபடி வெளியுறவு அமைச்சரா இருந்த ஹியூம், 1974-ல் பிரபுக்கள் சபைக்கே திரும்பினார். இந்த முறை ஆயுள் பட்டத்தோட. 1995-ல், 92 வயசில் இறந்தார். அவர் துறந்தது தன் ஆயுளுக்கு மட்டும்தானே, அதனால மகன் டேவிட் 15-வது ஏர்ல் ஆனார். 1999-ல் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரை மட்டும் வச்சுக்கிட்டு மத்தவங்களை வெளியே அனுப்பினாங்க. தங்கினவங்களில் டேவிட்டும் ஒருத்தர். இந்த முறை தேர்தல் நடந்தது, ஓட்டு போட்டது சக பிரபுக்கள்.