குமாரமங்கலம்: ஒரு வீட்டின் வாசல்கள்

2022 உள்ளாட்சித் தேர்தல் சமயம். அடையாற்றில் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒருவர் சொன்னார்: "லேடீஸ் வார்டு ஆக்கிட்டாங்க சார். அதனால வூட்டம்மாவ நிறுத்தியிருக்காரு. ஜெயிச்சா இவருதான் கவுன்சிலரு." சுவரொட்டியிலும் அப்படித்தான், வேட்பாளரைவிடக் கணவர் படம் பெரிது. பெண்களுக்கு இடம் ஒதுக்குவதைக் கேலி செய்ய இதைவிட வசதியான சாட்சி கிடைக்காது. ஆனால் இந்தச் சச்சரவு ரொம்பப் பழசு. அதன் ஒரு முனை இதே அடையாறு. மறுமுனை திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலம்.

குமாரமங்கலம் வீட்டின் கதையை ஆண்களின் வரிசையாகவே நமக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஜமீன்தார் சுப்பராயன் 1926இல் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. நீதிக்கட்சி தோற்றது, சுயராஜ்யக் கட்சி பதவி ஏற்க மறுத்தது. கட்சி சாராத இவரைக் கவர்னர் கோஷன் கூப்பிட்டார். அப்புறம் காங்கிரஸ். 1937இல் ராஜாஜி மந்திரிசபை, 1947இல் ஓமந்தூரார் மந்திரிசபை. மகன் மோகன் கேம்பிரிட்ஜிலிருந்து கம்யூனிஸ்டாகத் திரும்பியவர். பின்னாளில் காங்கிரசுக்கு வந்து, 1971இல் பாண்டிச்சேரியில் ஜெயித்து இந்திரா காந்தியிடம் மந்திரியாக இருந்து, 1973 விமான விபத்தில் இறந்தார். பேரன் ரங்கராஜன் சேலத்தில் மூன்று முறை காங்கிரஸ் எம்.பி.; 1998இல் திருச்சியில் பா.ஜ.க. மூன்று தலைமுறை, ஒன்றுக்கொன்று ஒட்டாத கொள்கைகள். ஆகவே 'வாரிசு' என்ற நம் வழக்கமான சொல் இங்கே சரியாக உட்காரவில்லை. கட்சியையோ கொள்கையையோ அப்பா பிள்ளைக்கு விட்டுப்போகவில்லை. விட்டுப்போனது, எந்தக் கட்சியின் வாசலிலும் காத்திருக்காமல் உள்ளே போகும் உரிமை. 1948 சட்டம் ஜமீன்களை ஒழித்தது. இந்த உரிமையை அது தொடவில்லை.

இந்த வரிசையில் விடுபட்டுப் போகிறவர் சுப்பராயனின் மனைவி ராதாபாய். மங்களூரில் தாழ்த்தப்பட்டோருக்குப் பள்ளிகள் நடத்திய குத்முல் ரங்காராவின் மகள். 1930இல் முதல் வட்டமேசை மாநாட்டுக்கு பேகம் ஷா நவாஸுடன் போனவர். தேர்ந்தெடுத்து யாரும் அனுப்பவில்லை, சர்க்கார் நியமனம். காங்கிரஸ் அந்த மாநாட்டைப் புறக்கணித்திருந்த நேரம் அது. பெண்களுக்குச் சட்டமன்றங்களில் கொஞ்ச காலத்துக்காவது இடம் ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் உள்ளேயே வரமுடியாது என்பது ராதாபாயின் கட்சி.

எதிர்த்தவர்கள் பழமைவாதிகள் என்று நினைத்துவிடக் கூடாது. 1917இல் இதே அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் எதிர்த்தது. 1931இல் மற்ற அகில இந்தியப் பெண் அமைப்புகளோடு சேர்ந்து, வயது வந்த எல்லோருக்கும் வாக்கு வேண்டும், சலுகையோ ஒதுக்கீடோ வேண்டாம் என்று அது அறிக்கை கொடுத்தது. சமத்துவம் கேட்கிறவள் தனி நாற்காலி கேட்கலாமா? இந்தத் தர்க்கத்தின் கம்பீரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒதுக்கீடு இல்லாத பொதுத் தொகுதியில் அன்றைக்கு எந்தப் பெண் நின்று ஜெயித்திருப்பாள்? பின்னால் ஒரு வீடு இருந்தவள்தான். ராதாபாய்க்கு அப்படி ஒரு வீடு இருந்தது. தனக்குத் தேவைப்படாத ஏணியை அவர் மற்றவர்களுக்காகக் கேட்டார் என்றுதான் படுகிறது. வீட்டுக்காரியே கேட்டதால் அது ஏணியாகத் தெரியாமல் போயிற்று.

1932இல் வாக்குரிமையை ஆராய்ந்த லோதியன் குழுவில் இருந்த ஒரே இந்தியப் பெண் அவர்தான். முடிவு யாருக்கும் பிடிக்காததாக வந்தது. 1935 சட்டம் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 8ஐப் பெண்களுக்குக் கொடுத்தது, அதையும் மதவாரியாகப் பிரித்து. 1938இல் ராதாபாய் ராஜாங்க சபைக்குத் தேர்வானார், அச்சபையின் முதல் பெண் உறுப்பினராக. வசதியுள்ள மிகச் சிலருக்கே வாக்கு இருந்த சபை அது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மகள் பார்வதி கிருஷ்ணன் கதை வேறு. 1957இல் கோவையில் கம்யூனிஸ்ட் வேட்பாளராக ஜெயித்தார். அதே மக்களவையில் திருச்செங்கோட்டு காங்கிரஸ் உறுப்பினர் அப்பா சுப்பராயன். 1960இல் மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது தபால் தந்தி இலாகா அப்பாவின் கையில், மகள் தொழிற்சங்கத்தில். இதைக் குடும்ப நாடகமாக்கி ரசிக்கிறவர்கள் உண்டு, நானும் கொஞ்ச நாள் ரசித்தவன்தான். கவனிக்க வேண்டியது ஊரை. ஜமீன் மண்ணை விட்டு ஒரு மில் நகரத்தில் சங்க வேலை செய்துதான் அவர் வாக்குக் கேட்டார். 1974 இடைத்தேர்தலிலும் 1977இலும் அதே கோவை அவரைத் திரும்ப அனுப்பியது. கட்சி மாறவும் இல்லை. அந்த வீட்டில் வாசலைத் தானே கட்டிக்கொண்டவர் என்று யாரையாவது சொல்லலாமென்றால் அவரைத்தான் சொல்வேன்.

அடுத்த தலைமுறைப் பெண் லலிதா, மோகனின் மகள். 2004இல் அப்பா ஜெயித்த பாண்டிச்சேரியில் நின்றார், தோற்றார். 2009இல் அண்ணன் ஜெயித்த திருச்சியில் நின்றார், அங்கும் தோற்றார். ஆண்களுக்குத் திறந்த அதே இரண்டு தொகுதிகள். 2014இல் தேசிய மகளிர் ஆணையத்தின் தலைவர் ஆனார். தேர்தலில் வந்த பதவி இல்லை, அரசு கொடுத்தது. 1930இல் பாட்டி லண்டனுக்குப் போனதும் இந்த நியமன வாசல் வழியாகத்தான்.