சானியாவும் லிடியாவும்

ஆடி மாதம் துலூசிலிருந்து என் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். பதினாறு வயது. பகலெல்லாம் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடந்து, மடிக்கணினியில் ஜப்பானியச் சித்திரப் படம் பார்ப்பாள். ஒரு நாள் மத்தியானம் தூக்கம் வராமல் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேச்சு ஜப்பானிய மொழி. கீழே பிரெஞ்சில் எழுத்து ஓடியது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தது இந்த வயதில் இப்படியும் உதவுகிறது.

படத்தின் பெயர் 'ஸ்ட்ரைக் விட்சஸ்'. முதல் பாகம் 2008-ல் வந்தது. நான் பார்த்தது 2010-ல் வந்த இரண்டாம் பாகம், பன்னிரண்டு பகுதிகள். மந்திர சக்தியுள்ள பதினோரு பெண் பிள்ளைகள் ஒரு விமானப்படைப் பிரிவாகச் சேர்ந்து போர் புரிகிறார்கள். விமானம் கிடையாது. இரண்டு கால்களிலும் பூட்ஸ் மாதிரி ஒரு இயந்திரத்தை மாட்டிக்கொண்டு, கையில் துப்பாக்கியோடு பறக்கிறார்கள். காலம் 1945. இடம் இத்தாலி, ஆனால் அதற்கு ரொமாஞா என்று பெயர். பிரான்சுக்குக் காலியா, ஜெர்மனிக்குக் கார்ல்ஸ்லாந்து, ஜப்பானுக்கு ஃபூசோ. எதிரி மனிதன் இல்லை. நியூராய் என்று சொல்லப்படுகிற, எங்கிருந்தோ வந்த கறுப்பு இயந்திர ராட்சசர்கள்.

மந்திரச் சிறுமிகள் ஜப்பானியருக்குப் புதிதல்ல. சாலி என்ற குட்டிச் சூனியக்காரி 1966-லேயே அங்கே தொலைக்காட்சிக்கு வந்துவிட்டாள். அவளைச் சண்டைக்கு அனுப்பியதும், பிறகு உலகப் போருக்கே அனுப்பியதும் பின்னால் வந்தவர்களின் வேலை.

சண்டைக் காட்சிகள் நன்றாகவே இருக்கின்றன. மேகத்துக்குள் புகுந்து வெளிவருவதைப் பார்க்கும்போது நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிற உடை, அதாவது போடாமல் விட்டிருக்கிற உடை, எனக்குப் பிடிக்கவில்லை. காலில் இயந்திரம் மாட்ட வேண்டும் என்பதெல்லாம் சாக்கு. பேத்தியிடமே சொன்னேன். "எனக்கும் பிடிக்கல தாத்தா, ஆனா கதை நல்லாயிருக்கு" என்றாள்.

மூன்றாவது நாள் ஒரு பெயர் காதில் விழுந்தது. காலியா நாட்டைச் சேர்ந்த, கண்ணாடி போட்ட, கொஞ்சம் கர்வக்காரப் பெண். அவள் பெயர் பெரின் க்ளோஸ்தெர்மான். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பியேர் க்ளோஸ்தெர்மானை எனக்குத் தெரியும். எங்கள் தலைமுறையில் பிரெஞ்சு படித்த பையன்களுக்கெல்லாம் தெரியும். அவர் எழுதிய 'லெ கிராண் சிர்க்' 1948-ல் வந்த புத்தகம். எனக்குப் பதினான்கு வயதில் அட்டை கிழிந்த ஒரு பிரதி கிடைத்தது. திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் இரண்டு தவணை வைத்துக்கொண்டேன். பிரேசிலில் பிறந்த பிரெஞ்சுக்காரர். ஜெர்மனியிடம் பிரான்ஸ் விழுந்த பிறகு தெகோலின் சுதந்திரப் படையில் சேர்ந்து, இங்கிலாந்து விமானங்களில் பறந்து சண்டை போட்டவர். அதே தெகோல் பக்கம்தான் 1940 செப்டம்பரில் கவர்னர் போன்வேன் நம்ம புதுச்சேரியையும் சேர்த்தார் என்பது உங்களில் பலருக்கு உங்கள் அப்பா சொல்லித் தெரிந்திருக்கும்.

"இது ஆம்பளை பேரு ஆச்சே" என்றேன். பேத்தி சிரித்துவிட்டு, இந்தப் பதினோரு பேருக்கும் மூலமாக இருந்த நிஜ விமானிகளின் பட்டியலைத் தேடி எடுத்துக் காட்டினாள். அன்றிலிருந்து படம் பார்ப்பதை விட்டுவிட்டுப் பட்டியலைத்தான் பார்த்தேன்.

எரிக்கா ஹார்ட்மன் என்ற சோம்பேறிப் பெண், ஜெர்மானிய விமானி எரிக் ஹார்ட்மன். 352 விமானங்களை வீழ்த்தியவர்; உலகத்தில் இன்று வரை அதை யாரும் மிஞ்சவில்லை. பார்க்ஹார்ன் என்ற கண்டிப்பான பெண், 301 வீழ்த்திய கெர்ஹார்ட் பார்க்ஹார்ன். எய்லா என்ற பின்லாந்துப் பெண், 94 வீழ்த்திய யூட்டிலைனென். சகாமோட்டோ, ஜப்பானின் சபுரோ சகாய். யேகர், பின்னாளில் ஒலியின் வேகத்தை முதலில் தாண்டிய அமெரிக்கர். பத்து பேரும் ஆண்கள். பத்து பேருக்கும் பாவாடை கட்டிப் பெண்ணாக்கியிருக்கிறார்கள்.

பதினோராவது பெயருக்கு அந்த வேலையே தேவைப்படவில்லை. சானியா லிட்வ்யாக் என்ற அமைதியான ரஷ்யப் பெண்ணின் மூலம், லிடியா லிட்வ்யாக். அவள் நிஜமாகவே பெண்.

(அவர் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் பேத்தியை விட ஐந்து வயது மூத்த பிள்ளையை அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னியுங்கள்.)

லிடியா 1921 ஆகஸ்ட் 18-ல் மாஸ்கோவில் பிறந்தாள். க்ளோஸ்தெர்மானும் அதே வருடம்தான். பள்ளிக்கூட வயதிலேயே விமானம் ஓட்டும் சங்கத்தில் சேர்ந்தாள். பிறகு மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு வந்தாள். 1937-ல், ஸ்டாலின் காலத்துக் களையெடுப்பில், அவள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. 'மக்கள் விரோதி'யின் மகள் என்ற பெயரோடு ஒருவர் அந்த நாட்டில் வாழ்வது எப்படி என்பதை யோசித்துப் பாருங்கள். அவளோ பறப்பதை விடவில்லை.

1941 ஜூனில் ஹிட்லர் படையெடுத்தான். மரீனா ரஸ்கோவா என்ற பெண், 1938-லேயே தூர கிழக்கு வரை நிற்காமல் பறந்து புகழ் பெற்றவர், 1941 அக்டோபரில் பெண்களுக்கென்றே மூன்று விமானப் படைப் பிரிவுகளைத் தொடங்கினார். வோல்கா நதிக்கரையில் எங்கெல்ஸ் என்ற ஊரில் பயிற்சி. 586 சண்டை விமானங்களுக்கு, 587 பகல் குண்டுவீச்சுக்கு, 588 இரவுக் குண்டுவீச்சுக்கு.

அந்த 588-ஐப் பற்றித் தனியாகவே எழுதலாம். அவர்களுக்குக் கொடுத்தது போ-2 என்ற பழைய இரட்டை இறக்கை விமானம்; மரச்சட்டம், துணிப் போர்வை, பயிற்சிக்கும் வயலுக்கு மருந்து தெளிக்கவும் செய்தது. மணிக்கு 150 கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். எதிரி முகாமை நெருங்கும்போது எஞ்சினை அடக்கிவிட்டுச் சத்தமில்லாமல் சறுக்கி வந்து குண்டு போட்டுவிட்டுப் போவார்கள். கீழே இருப்பவனுக்குக் காற்று உரசும் ஓசைதான் கேட்கும், துடைப்பக் கட்டையில் சூனியக்காரி போகிற மாதிரி. ஜெர்மன் சிப்பாய்கள் வைத்த பெயர் 'நாஹ்ட்ஹெக்சன்', இரவுச் சூனியக்காரிகள். போர் முடிவதற்குள் அவர்கள் 23,000 தடவைக்கு மேல் பறந்துவிட்டார்கள். ஆக, போரில் பறக்கிற பெண்களைச் சூனியக்காரிகள் என்று முதலில் சொன்னது ஜப்பானியச் சித்திரக்காரர்கள் இல்லை. பயந்துபோன எதிரிதான்.

லிடியா சேர்ந்தது 586. கம்பளிப் பூட்ஸின் உட்புற மயிரை வெட்டியெடுத்துத் தன் மேல்சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டாள் என்றும், அதற்கு ரஸ்கோவாவிடம் தண்டனை வாங்கினாள் என்றும் கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இருபது வயதுப் பெண், வேறென்ன செய்வாள்! 1942 செப்டம்பரில் ஆண்களின் பிரிவுக்கு மாற்றி ஸ்டாலின்கிராடுக்கு அனுப்பினார்கள். போன சில நாட்களிலேயே எதிரி விமானத்தை வீழ்த்தினாள். வானத்துச் சண்டையில் ஒரு பெண் எதிரி விமானத்தை வீழ்த்தியது அதுதான் முதல் தடவை என்கிறார்கள். மொத்தம் எத்தனை என்பதில் ஆய்வாளர்களுக்குள் தகராறு உண்டு. பன்னிரண்டு என்பது பரவலாகச் சொல்லப்படுகிற கணக்கு.

1943 ஆகஸ்ட் 1. அன்று அவள் நான்காவது முறையாகப் புறப்பட்டாள். திரும்பும் வழியில் ஜெர்மன் விமானங்கள் துரத்த, மேகத்துக்குள் போனதைச் சக விமானி பார்த்திருக்கிறார். பாராசூட் தெரியவில்லை. வெடித்த நெருப்பும் தெரியவில்லை. இருபத்திரண்டாவது பிறந்த நாளுக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது.

பதிவேட்டில் எழுதினார்கள்: காணவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் கோப்போடு வாழ்ந்தவன் நான். இந்த வார்த்தையின் கனம் எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நான் வேலை பார்த்த பிரிவுக்கு ஒரு மீனவரின் மனைவி மாதாமாதம் வருவார். புயலில் போன கட்டுமரம் உடைந்து கரை ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. இறப்புச் சான்றிதழ் இருந்தால்தான் உதவித்தொகை; உடல் இருந்தால்தான் சான்றிதழ். அப்போதிருந்த சாட்சியச் சட்டம் 108-ஆம் பிரிவுப்படி ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகக் கொள்ள முடிந்தது. 'இறந்ததற்கு ஆதாரம் இல்லை' என்று அந்தக் கோப்பில் குறிப்பு எழுதியது என் கைதான். ஒரு தடவை அந்த அம்மா, "ஐயா, திதி குடுக்க எந்தத் தேதிய வச்சிக்கிறது, அதையாவது எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் படிவம் இல்லை. அவர் போன பிறகு நான் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவில்லை. குறிப்பையும் மாற்றவில்லை.

லிடியாவின் விஷயத்தில் அது உதவித்தொகையோடு நிற்கவில்லை. 1941 ஆகஸ்டில் ஸ்டாலின் போட்ட 270-ஆம் எண் உத்தரவுப்படி, எதிரியிடம் சரணடைகிறவன் துரோகி. குடும்பமும் பதில் சொல்ல வேண்டும். உடல் கிடைக்காதவர் மேலெல்லாம், பிடிபட்டிருப்பாரோ என்ற சந்தேகம் விழும். அப்பா ஏற்கெனவே விரோதிப் பட்டியலில். காணாமல் போவதைத்தான் அவள் எல்லாவற்றையும் விட அதிகமாகப் பயந்தாள் என்று அவளுடைய விமானத்தைப் பழுது பார்த்த இன்னா பாஸ்போர்ட்னிகோவா பிற்காலத்தில் சொன்னார். பயந்தபடியே ஆயிற்று. 'சோவியத் யூனியனின் வீரர்' பட்டத்துக்குச் செய்த சிபாரிசு அந்தச் சந்தேகத்தில் நின்றுபோனது.

அதே இன்னா, போர் முடிந்த பிறகு வருடக்கணக்காக வயல்களில் விமானத் துண்டுகளைத் தேடி அலைந்தார். டொன்பாஸ் பகுதியில் ஒரு பள்ளி ஆசிரியை தன் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடினார். கடைசியில், பெயர் தெரியாத பெண் விமானி ஒருவரின் உடல் திமித்ரியெவ்கா கிராமத்துப் பொதுக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது தெரிந்தது. அது லிடியாதான் என்பதை இன்றைக்கும் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. இருந்தாலும் 1980களின் இறுதியில் 'காணவில்லை' என்பதை அடித்து 'கடமையில் உயிர் துறந்தார்' என்று திருத்தினார்கள். 1990 மே மாதம் கோர்பசேவ் பட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டார். நாற்பத்தேழு வருடம்! அந்தப் பட்டத்தைக் கொடுத்த நாடே அடுத்த வருடக் கடைசியில் இல்லாமல் போயிற்று.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு திரும்பவும் படத்தைப் பார்த்தபோது, எனக்கு வேறு படம் தெரிந்தது.

படத்தில் சானியாவின் பிறந்த நாளும் ஆகஸ்ட் 18. அவள் அப்பா இசைக்காரர். போரில் பிரிந்து யூரல் மலைக்கு அப்பால் போய்விட்டார். முதல் பாகத்தில் ஒரு இரவு, மகள் பிறந்த நாளுக்கென்று அவர் வாசிக்கும் பியானோ வானொலி வழியாக அவளை எட்டுகிறது. பேத்தி அந்த இடத்தைத் தனியாக எடுத்துக் காட்டினாள். பார்த்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

இரண்டாம் பாகத்தின் ஆறாவது பகுதியில், முப்பதாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் எதிரியை அடிக்கச் சானியா மேலே போக வேண்டும். அவளைக் காப்பாற்றக் கூடவே போகத் துடிக்கிறாள் எய்லா. படத்திலேயே நல்ல பகுதி அதுதான், அழகாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் எய்லாவின் மூலமான யூட்டிலைனென் வீழ்த்திய 94-ம் சோவியத் விமானங்கள். ஹார்ட்மனின் 352-ல் மிகப் பெரும்பாலானவையும் அப்படியே. போருக்குப் பின் 1955 வரை அவரைச் சோவியத் சிறையில் வைத்திருந்தார்கள். லிடியாவின் தோழர்களைச் சுட்டவர்களும் லிடியாவும் ஒரே சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்கிறார்கள். கடைசிப் பகுதிகளில் யமாட்டோ போர்க்கப்பலை அத்ரியாட்டிக் கடலுக்கே கொண்டுவந்து உலகத்தைக் காப்பாற்ற வைக்கிறார்கள். நிஜ யமாட்டோ 1945 ஏப்ரல் 7-ல் ஒகினாவா போகும் வழியில் ஏறக்குறைய 3000 பேரோடு மூழ்கியது.

எதிரியை மனிதன் இல்லாமல் செய்துவிட்டால் ஜெர்மனியும் ஜப்பானும் ரஷ்யாவும் ஒரே கட்சியாகிவிடலாம். யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. முதலில் இது எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. எங்கள் தெருவில் நிறைய சொல்தா வீடுகள். இந்தோசீனாவிலிருந்து திரும்பிவந்தவர்கள், வராதவர்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் இப்படிப் படம் எடுக்க மாட்டார்கள். பேத்தியிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன்.

அவள் கேட்டாள்: "தாத்தா, இந்தப் படம் இல்லன்னா உங்களுக்கு லிடியா பேரு தெரிஞ்சிருக்குமா?"

தெரிந்திருக்காது. க்ளோஸ்தெர்மான் உயிரோடு திரும்பினார், புத்தகம் எழுதினார், பாராளுமன்றத்தில் உட்கார்ந்தார், எண்பத்தைந்து வயது வரை இருந்தார். அவரை நான் பதினான்கு வயதிலேயே படித்துவிட்டேன். லிடியாவை எனக்குச் சொல்ல ஒரு பொம்மைப் படமும் பதினாறு வயதுப் பிள்ளையும் தேவைப்பட்டது.

படத்தில் இன்னொரு விதி உண்டு. இருபது வயதை நெருங்கினால் இந்தச் சூனியக்காரிகளின் மந்திர சக்தி போய்விடும். சகாமோட்டோ அதை ஒப்புக்கொள்ள முடியாமல் தவிப்பது ஒரு தனிக் கதையாகவே ஓடுகிறது. சக்தி போனால் வீட்டுக்குப் போகலாம் என்பது எனக்கு வரமாகத்தான் பட்டது. லிடியாவுக்கு அந்த விதி இருந்திருந்தால் 1941-லேயே விலக்கு கிடைத்திருக்கும்.

பேத்தி ஊருக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. நேற்று கைப்பேசியில் எழுதியிருந்தாள். 2020-ல் இதற்கு இன்னொரு தொடர் வந்திருக்கிறதாம், பெர்லின் வரை போகிறார்களாம், அடுத்த வருடம் வரும்போது சேர்ந்து பார்க்கலாமாம். அதில் சானியா இருக்கிறாளா என்று மட்டும் கேட்டு அனுப்பினேன்.

"இருக்கா தாத்தா" என்று பதில் வந்தது.