பனிக்கடலில் ஐந்து நாட்கள்

தை மாதத்து உறைபனி தேயிலைக் கொழுந்தைக் கருக்குவதைக் கந்தப்பளையில் சிறு வயதிலேயே கண்டவன் நான். பனியின் கொடுமை அவ்வளவே என எண்ணியிருந்தேன்.

2007 நவம்பர் 23 அன்று அந்தாட்டிக்கா அருகே 'எக்ஸ்ப்ளோரர்' என்ற சுற்றுலாக் கப்பல் பனிக்கட்டியில் மோதி மூழ்கிய செய்தியை இரவுப் பணியில் மொழிபெயர்த்தேன். 154 பேர் கூரையற்ற படகுகளில் மணிக்கணக்காக நடுங்கியிருந்தனர். நோர்வேக் கப்பலொன்று அனைவரையும் மீட்டது. அன்று கடல் அமைதியாக இருந்தது, இல்லையேல் என்னவாகியிருக்கும்?

1912இல் டைட்டானிக்கில் 2200க்கும் மேற்பட்டோர் இருந்தனர். படகுகளில் இடமோ 1178 பேருக்கே. அன்றைய பிரித்தானியச் சட்டம் கேட்டதைவிட அதுவும் அதிகம் என்பதுதான் வேடிக்கை! அவ்விபத்தால் 1914இல் முதலாவது கடற்பாதுகாப்பு உடன்படிக்கை பிறந்தது.

துருவக் கடல்களுக்கான தனிக் கட்டாய விதிகளோ 2017 ஜனவரி 1 அன்றே நடைமுறைக்கு வந்தன. மூடிய அல்லது பாதி மூடிய உயிர்காப்புப் படகுகள் வேண்டும். மீட்போர் வரும்வரை, குறைந்தது ஐந்து நாட்களேனும், உயிர்தாங்க வழி செய்திருக்க வேண்டும். மீன்பிடிக் கப்பல்களை அவ்விதிகள் அப்போது சேர்த்துக்கொள்ளவில்லை.