விலக்குப் பெற்ற பள்ளி

அமெரிக்காவின் சிகாகோ மாநகரில், மேற்குப் பகுதியில், வானதூதர்களின் அன்னை பெயரால் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி விளங்கியது. ஐரிஷ், இத்தாலிய, போலந்து வழிவந்த உழைப்பாளர் குடும்பங்களின் பிள்ளைகள் எட்டாம் வகுப்புவரை அங்கே பயின்றனர். 1958இல் மாணவர் தொகை ஏறத்தாழ 1,600. அப்பள்ளியின் வரலாறு, ஒரு சட்டத்தில் இடம்பெற்ற விலக்கின் வரலாறும் ஆகும்.

வடபுறக் கட்டடம் 1910இல் எழுந்தது. புறச்சுவர் செங்கல், படிக்கட்டும் தளமும் கூரையும் மரம். 1949இல் மாநகராட்சி புதிய கட்டட விதிகளை வகுத்தது. தீப்பரவாக் கட்டுமானமும் தானியங்கி நீர்த்தெளிப்பும் புதிய பள்ளிகளுக்குக் கட்டாயமாயின. முன்னரே கட்டப்பட்டவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே இப்பள்ளி 1958 அக்டோபரில் நடந்த தீத்தடுப்பு ஆய்வில் குறையின்றித் தேறியது. வெளிப்புறத் தீத்தப்பு ஏணி ஒன்றே ஒன்று. தீயணைப்புக் கருவிகள் 7 அடி உயரத்தில் தொங்கின. எச்சரிக்கை மணிக்கும் தீயணைப்புத் துறைக்கும் இணைப்பில்லை. இவை யாவும் சட்டத்துக்கு உட்பட்டவையே!

1958 டிசம்பர் 1, திங்கட்கிழமை. பள்ளி விடுவதற்குச் சற்று முன்னர், நிலவறையில் படிக்கட்டின் அடியில் இருந்த குப்பைக் கலத்தில் தீப்பற்றியது. அது எவ்வாறு பற்றியது என்பது இறுதிவரை அதிகாரபூர்வமாக நிறுவப்படவில்லை. தீ மரப்படிகளின் வழியே மேலேறியது. கீழ்த்தளத்தில் படிக்கட்டை அடைத்து ஒரு கதவு இருந்தது. அங்கிருந்த குழந்தைகள் பிழைத்தனர். மாடியில் அத்தகைய கதவு இல்லை. நடைவழி புகையால் நிறைந்தது. எஞ்சிய வழி சன்னல். அதன் அடித்தளமோ தரையிலிருந்து 37 அங்குல உயரம். சிறு குழந்தைகளால் அதில் ஏறுவதே அரிதாயிற்று. ஏறியோர் முன் 25 அடிப் பள்ளம். 92 குழந்தைகளும் அவர்களுக்குக் கற்பித்த 3 அருட்சகோதரியரும் உயிரிழந்தனர்.

அதன் பின்னரே விதிகள் மாறின. பழைய பள்ளிகளுக்கும் நீர்த்தெளிப்பும் துறையோடு இணைந்த எச்சரிக்கை மணியும் வேண்டும் எனச் சிகாகோ ஆணையிட்டது. நாடெங்கும் ஆயிரக்கணக்கான பள்ளிகள் சீரமைக்கப்பட்டன. அதே இடத்தில் 1960இல் புதிய பள்ளி திறந்தது. நீர்த்தெளிப்புக் குழாய்கள் அதில் இருந்தன.

ஆயினும் ஒன்று நெடுங்காலம் மாறவில்லை. தப்பிய குழந்தைகளுக்கு உளநல உதவி வழங்கப்படவில்லை. நடந்ததைப் பேசாதே, மறந்துவிடு என்பதே தாம் கேட்ட அறிவுரை எனப் பலர் பின்னாளில் கூறியுள்ளனர். சட்டத்தைத் திருத்தியோர் துயரத்துக்குச் சொல் வழங்கவில்லை. பல்லாண்டுகள் கழிந்தே அவர்கள் ஒன்றுகூடினர், பேசினர், அவர்தம் நினைவுகள் நூலாகவும் ஆவணப்படமாகவும் பதிவாயின.

பங்கு 1990இல் மூடப்பட்டது. மாணவர் குறைந்தமையால் பள்ளியும் 1999இல் மூடப்பட்டது. நகருக்கு வெளியே, ஹில்சைடு ஊரின் விண்ணரசி கல்லறைத் தோட்டத்தில், மாண்டோர்க்கு நினைவுச்சின்னம் நிற்கிறது.

பழைய கட்டடத்துக்குச் சட்டம் விலக்களித்தது, தீ விலக்களிக்கவில்லை. அதனை எடுத்துச் சொல்ல எஞ்சியோர் வாய்திறக்கப் பல்லாண்டுகள் ஆயின என்பது, சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் நெஞ்சில் நிறுத்தற்குரியது.