அம்பாசடர் சக்கரமும் அதன் பூச்சும்

திருக்கோவிலூரில் கல்யாண வீட்டு வாசலில் நின்ற வெள்ளை அம்பாசடரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை தயாரான வண்டி அது. இரும்புச் சக்கரம், நடுவில் பளபளக்கும் வட்ட மூடி. அலாய் வீல் பரவாத அந்தக் காலத்தில் சக்கரத்தைத் துருவிலிருந்து காத்தது பெயிண்ட்தான்.

1950-களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் பவுடர் பூச்சு முறையை உருவாக்கினார். மின்னேற்றிய தூளைத் தெளிக்கும் வழி 1960-களில் வந்தது. இதில் தின்னர் இல்லை. தூளைத் தெளித்து, சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பார்கள். சாதாரண பெயிண்டைவிடத் தடிமனான, உறுதியான பூச்சு. கல் தெறித்தாலும் எளிதில் உதிராது.

அந்தத் தடிமனில்தான் ஓர் ஆபத்தும் இருக்கிறது. உங்கள் பழைய வண்டியின் சக்கரத்தைப் பூசக் கொடுக்கும்போது, நட்டு உட்காரும் இடத்தை மறைத்துவிட்டுப் பூசச் சொல்லுங்கள். அங்கே பூச்சு நசுங்கினால் நட்டு தளரும். ஓட்டத்தில் சக்கரமே கழன்றுவிடலாம். துருவைச் சுரண்டியதும் வெடிப்பு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். புதுப்பூச்சு ஏறிவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது. மாட்டிய பிறகு, சிறிது தூரம் ஓட்டிவிட்டு நட்டுகளை மீண்டும் முடுக்கிவிடுங்கள்.