முதல் குன்றாக் கொடை

சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுக்களைப் பயில்வோர் 'சாவா மூவாப் பேராடு' என்னும் தொடரை அடிக்கடி காண்பர். நந்தா விளக்கு ஒன்று எரிவதற்காக ஒருவர் 96 ஆடுகளை அளிப்பார். அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்து வருவார். ஆடுகள் மூப்பெய்தும், மடியும். ஆயினும் குட்டிகள் பிறந்து மந்தையின் எண்ணிக்கை குன்றாது நிற்கும். கொடுத்தவர் மறைந்த பின்னும் விளக்கு எரியும். முதலைத் தொடாது பயனை மட்டும் செலவிடுவதே இவ்வறத்தின் உயிர்நிலை.

கோயில் விளக்கிற்கு ஏற்ற இம்முறை ஆராய்ச்சிக் கூடத்திற்கும் ஏற்றதே என்பதற்குப் பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனம் சான்றாக விளங்குகிறது. உயர் ஆராய்ச்சிக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று கருதிய ஜாம்ஷெட்ஜி டாடா, அதற்காக 30 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள தம் சொத்துக்களை அளிக்க முன்வந்தார். அவற்றினின்று ஆண்டுதோறும் 1,25,000 ரூபாய் வருவாய் கிடைக்கும் என்பது கணக்கு. 1898-ஆம் ஆண்டின் இறுதியில் அத்திட்டம் வைசிராய் கர்சன் பிரபுவின் முன் வைக்கப்பெற்றது. தம் பெயரைச் சூட்ட வேண்டுமென்று டாடா கேட்கவில்லை.

அரசாங்கத்தின் ஆய்விலும் தயக்கத்திலும் ஆண்டுகள் கழிந்தன. 1904-இல் டாடா ஜெர்மனியில் காலமானார். மைந்தர் தோராப்ஜியும் ரத்தனும் தந்தையின் சொல்லைக் காத்தனர். மைசூர் அரசு ஏறத்தாழ 370 ஏக்கர் நிலமும் பொருளும் ஈந்தது. 1909-இல் நிறுவனம் சட்டப்படி உருப்பெற்றது. 1911-இல் மாணவர் சேர்ந்தனர். கொடையாளர் அதன் செங்கல் ஒன்றையேனும் கண்டாரில்லை. ஆயினும் பெங்களூர் மக்கள் இன்றும் அதனை 'டாடா இன்ஸ்டிடியூட்' என்றே வழங்குகின்றனர்.

வேதியியலும் மின் தொழில்நுட்பமும் கொண்டு தொடங்கிய அவ்விடத்தில், நிறுவியவர் எண்ணியும் பார்த்திராத துறைகள் பின்னர்த் தழைத்தன. கிராம மக்களுக்குப் பயன்படும் அறிவியலை நாடி, 1974-இல் அமுல்ய ரெட்டி 'அஸ்த்ரா' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். விறகைச் சிக்கனமாக்கிப் புகையைக் குறைக்கும் அடுப்பு அங்கே உருவாயிற்று. தும்கூர் மாவட்டத்துப் புரா என்னும் சிற்றூரில், மாட்டுச் சாணத்தின் எரிவாயுவால் மின்சாரம் ஆக்கி, வீடுகளுக்கு விளக்கும் குடிநீரும் அளித்தனர். 1983-இல் மாதவ் காட்கில் சூழலியல் மையத்தை நிறுவினார். அம்மையத்தைச் சேர்ந்த இரா. சுகுமார் முதலியோர், 1988-இல் நம் நீலகிரி மாவட்டத்து முதுமலைக் காட்டில் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, அங்குள்ள மரங்களுக்கு எண்ணிட்டு, அவற்றின் வளர்ச்சியையும் மடிவையும் பதிந்து வரலாயினர்.

இங்கேதான் நாம் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். ஆராய்வோரின் பணிக்காலத்தினும் மரத்தின் ஆயுள் நீண்டது. மூன்றாண்டு, ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு வரும் பணம், காடும் மழையும் மாறும் கதையை முழுவதும் கேட்டு முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். அரசின் உதவி இன்றியமையாததே. அதனோடு வற்றாத ஊற்றாகத் தனியார் கொடையும் சேர்தல் வேண்டும். 2009-இல் அதே நிறுவனத்தில் திவேச்சா பருவநிலை மாற்ற மையம் தோன்றியது, திவேச்சா தம்பதியரும் கிரந்தம் அறநிறுவனமும் அளித்த கொடையால் அன்றோ?

குடமுழுக்கென்றால் நம் குடியிருப்பில் கொடுக்கத் தயங்குவார் இல்லை. பிள்ளைகளுக்கு வீடும் நகையும் பகிர்ந்து உயில் எழுதுகிறோம். அவ்வீட்டின் கிணற்றில் நீர் வேண்டாமா? உயிலில் ஒரு சிறு பங்கை, நீரையும் நிலத்தையும் காக்கும் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு எழுதுவோமாக. முதல் குன்றாதிருக்க விதி செய்வோம். வருங்காலத் தேவைக்கு இடம் தரும்படி நோக்கத்தை விரிவாக வகுப்போம். நம் விருப்பத்தை மக்களுக்கு இன்றே சொல்லி வைப்போம். தோராப்ஜியும் ரத்தனும் போல் அவர்கள் அதனைக் காப்பர். தனியொருவரால் 96 ஆடுகள் இயலாவிடின், பல குடும்பங்கள் கூடி ஒரு மந்தை சேர்ப்போம். விளக்கு எரியட்டும்!